உதைபந்தாட்டம் பிரிந்த கதை

உதைபந்தாட்டம் என்னும் தமிழ்ப் பெயர் காலால் உதைப்பதையே சுட்டுகின்றது. ஆயின் ஆங்கிலத்திலே ‘புட்போல்’ என்னும் அவ்வொரு பெயரையே சூடிக்கொண்டு உலகில் உலவும் ஆட்டங்களோ பல. ஒன்றிலே, வாயில் காப்போன் ஒழிந்த ஏனையோர் பந்தைக் கையால் தொடுதல் குற்றம். மற்றொன்றிலே பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுதலே ஆட்டத்தின் உயிர். அமெரிக்கர் ஆடும் ஆட்டத்திலே பந்தைக் கால் தீண்டும் தருணங்கள் சிலவே. அவுஸ்திரேலியர் முட்டை வடிவான பந்தைக் கிரிக்கெட் மைதானத்திலே பக்கத்துக்குப் 18 பேராக நின்று ஆடுகின்றனர். அயர்லாந்து மக்களோ உருண்டைப் பந்தைக் கையாலும் ஏந்துவர், காலாலும் உதைப்பர். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அடையாளங் காணமாட்டாதபடி இவ்வாறு வேறுபட்டமைக்குக் காரணம் யாது? பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டிப் பார்ப்போர் அங்கே பந்தைப் பற்றிய விவாதத்தினும் மிகுதியாகக் காண்பது, காயத்தையும் கூலியையும் பற்றிய விவாதத்தையே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்திலே செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் பயின்ற பள்ளிகள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஆட்டத்தை வைத்திருந்தது. றக்பி என்னும் ஊரின் பள்ளி மாணவர் 1845ஆம் ஆண்டிலே தம் விதிகளை எழுதி வைத்தனர். 1823இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்னும் சிறுவன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான் என்றும், அன்றே றக்பி ஆட்டம் பிறந்தது என்றும் ஒரு கதை உண்டு. எல்லிஸ் இறந்த பின்னரே, நிகழ்ந்ததாகக் கூறப்படும் காலத்துக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிய பின்னரே, அக்கதை அச்சேறிற்று. அதனைக் கண்ணாற் கண்டவர் எவரும் கிடைத்திலர். எனினும் உலகக் கிண்ணத்துக்கு அவன் பெயரையே இட்டுவிட்டார்கள். கதைக்கு அவ்வளவு வலிமை!

1863ஆம் ஆண்டு ஒக்ரோபர் 26ஆம் நாள், இலண்டன் நகரின் பிறீமேசன்ஸ் விடுதியிலே சில கழகத்தினர் கூடிப் புட்போல் சங்கத்தை நிறுவினர். பல ஊரார் ஒருங்கே ஆடுவதற்குப் பொது விதி வேண்டும் என்பதே அவர்களது நோக்கம். தொடர்ந்து நடந்த கூட்டங்களிலே இரண்டு கேள்விகள் எழுந்தன. பந்தை ஏந்தி ஓடலாமா என்பது ஒன்று. எதிராளியின் கணைக்காலில் உதைக்கலாமா என்பது மற்றொன்று. வெளியே நிற்பவர்க்கு முதற் கேள்வியே பெரிதாகத் தோன்றும். உள்ளே இருந்தவர்களைக் கொதிக்கச் செய்தது இரண்டாவதே. சங்கச் செயலாளர் மோர்லி, அத்தகைய உதையை அனுமதித்தால் பள்ளிப் பருவம் கடந்த எவரும் ஆட வரமாட்டார் என்றார். பிளாக்கீத் கழகத்துக் கம்பெல் அதனை ஒப்பவில்லை. உதையை நீக்கினால் ஆட்டத்தின் ஆண்மையே போய்விடும் என்றும், ஒரு வாரம் பழகிய பிரெஞ்சுக்காரரைக் கொணர்ந்து உங்களைத் தோற்கடிப்பேன் என்றும் அவர் சினந்துரைத்தார். பிரெஞ்சுக்காரர் 1998இலும் 2018இலும் உலகக் கிண்ணத்தை வென்றது உண்மையே. அதற்கு அவர்களுக்கு ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலம் தேவைப்பட்டது!

பிளாக்கீத் கழகம் விலகிற்று. 1871இல் அக்கழகமும் வேறு இருபது கழகங்களும் கூடி றக்பி ஒன்றியத்தை அமைத்தன. வியப்பு யாதெனில், இவ்வொன்றியத்தார் வகுத்த விதிகளும் கணைக்காலில் உதைப்பதைத் தடைசெய்தன. எதன்பொருட்டு வீட்டை விட்டு வெளியேறினார்களோ, புது வீட்டில் அதற்கே இடமில்லாது போயிற்று.

இதற்குள் கடல் கடந்த ஊர்களில் வேறு கிளைகள் தழைத்தன. றக்பிப் பள்ளியிற் பயின்று மெல்பேர்ண் திரும்பிய தோமஸ் வில்ஸ், கிரிக்கெட் வீரர் மாரிகாலத்திலே சோம்பியிராவண்ணம் ஒரு புட்போல் கழகம் வேண்டும் என 1858இல் பத்திரிகைக்கு எழுதினார். மறு ஆண்டே விதிகள் வகுக்கப்பட்டன. இலண்டனார் ஆண்டுகள் கழித்துச் சச்சரவிட்ட கணைக்கால் உதையை மெல்பேர்ண் நகரத்தார் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டனர். வன்மையான தரை, ஆடியவரோ மறுநாள் தொழிலுக்குச் செல்லவேண்டிய வளர்ந்த ஆடவர்.

அமெரிக்கக் கல்லூரிகள் றக்பியைக் கடன்வாங்கித் தமக்கேற்ப மாற்றின. இரு அணியினரும் முட்டிமோதிப் பந்துக்குப் போராடும் முறையை ஒழித்து, பந்து ஓர் அணிக்கே உரியது என 1880இல் விதி செய்வித்தவர் வோல்ரர் காம்ப். அவ்வணி பந்தை விடாமல் வைத்துக்கொண்டே பொழுதைப் போக்கலாயிற்று. ஆதலின் 1882இல், மூன்று முயற்சிகளில் ஐந்து யார் முன்னேறாவிடிற் பந்தை இழக்கவேண்டும் என்றனர். காயமோ குறையவில்லை. 1905ஆம் ஆண்டிலே 18 பேருக்குக் குறையாதோர் மாண்டனர் எனப் பத்திரிகைகள் கணக்கிட்டன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். மறு ஆண்டு, பந்தை முன்னோக்கி எறியலாம் என்னும் விதி வந்தது.

அயர்லாந்திலே விதியுடன் நாட்டுப்பற்றும் கலந்தது. 1884இல் தேர்ள்ஸ் என்னும் ஊரில் நிறுவப்பட்ட கேலிக் விளையாட்டுச் சங்கம், தன் உறுப்பினர் ஆங்கிலேயர் ஆட்டங்களை ஆடுவதையும் பார்ப்பதையும் பிற்காலத்தில் விலக்கிற்று. 1938இல் நாட்டின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் ஒரு புட்போல் போட்டியைப் பார்க்கச் சென்றார் என்பதற்காக, அவரைப் போஷகர் பதவியினின்றும் நீக்கினார்கள். அத்தடை நீங்கியது 1971இலே.

இனி, பிளவுகளுள் மிகக் கசப்பானது இங்கிலாந்தின் வட பகுதியில் நிகழ்ந்தது. யோர்க்ஷயர், லங்காஷயர் மாவட்டங்களிலே றக்பி ஆடியோர் பெரும்பாலும் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை முற்பகலும் அவர்களுக்கு வேலை நாளே. வெளியூர்ப் போட்டிக்குப் புறப்பட்டால் அரை நாட் கூலி போய்விடும். அக்கூலியை மட்டுமாவது கழகம் ஈடுசெய்யட்டும் என்று 1893இல் யோர்க்ஷயர் பிரதிநிதிகள் கேட்டனர். ஆட்டத்துக்குச் சம்பளம் கேட்டாரல்லர், இழந்ததையே கேட்டனர். 136 வாக்குகள் ஆதரவாகவும் 282 வாக்குகள் எதிராகவும் விழுந்தன.

தென்பகுதிக் கனவான்களின் அச்சத்துக்கும் காரணம் இருந்தது. 1883இல் புட்போல் சங்கக் கிண்ணத்தின் இறுதிப் போட்டியிலே பிளாக்பேர்ண் நகரின் தொழிலாளர் அணியொன்று ஈற்றன் பள்ளிப் பழைய மாணவரைத் தோற்கடித்தது. 1885இல் அச்சங்கம் சம்பள ஆட்டக்காரரை ஏற்றுக்கொண்டது. அதன்பின் கிண்ணம் கனவான்கள் கைக்குத் திரும்பவேயில்லை. றக்பிக்கும் அக்கதி நேரக்கூடாது என எண்ணினர். ஆட வசதியில்லாதவன் ஆடாதிருப்பதே முறை என்று வாதிட்டோரும் உளர். வயிறு நிறைந்தவனுக்கு அவ்வாறு சொல்லுதல் எளிது.

1895ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் நாள், ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் விடுதியிலே இருபதுக்கு மேற்பட்ட கழகத்தினர் கூடி வட ஒன்றியத்தை நிறுவினர். நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை ஈடு தரலாம் என்றனர். கூலி கொடுக்கக் காசு வேண்டும். காசுக்குப் பார்வையாளர் வேண்டும். பார்வையாளருக்கு விரைவான ஆட்டம் வேண்டும். ஆகவே 1897இல் பக்கக் கோட்டருகே வரிசையாக நின்று பந்துக்குப் பாயும் முறை நீங்கிற்று. 1906இல் பதினைவர் பதின்மூவராயினர். பிடிபட்டவன் எழுந்து நின்று பந்தைக் காலாற் பின்னே உருட்டி ஆட்டத்தைத் தொடர்ந்தான். இவ்வாறு, கூலி வழக்கில் பிரிந்தவர்கள் பத்தாண்டுகளில் வேறோர் ஆட்டத்தையே படைத்துவிட்டனர். றக்பி லீக் என இன்று வழங்குவது அதுவே.

பழைய ஒன்றியம் மன்னிக்கவில்லை. பதின்மூவர் ஆட்டத்துக்குச் சென்றவனுக்கு அதன் கதவு ஆயுள் முழுவதும் அடைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது மட்டும் படையினருக்கு அக்கதவு சற்றே திறந்தது. 1943இலும் 1944இலும் படைவீரரிடையே இரு தரப்பாரும் மோதிய போட்டிகள், ஒன்றியத்தின் விதிப்படியே நடந்தும், லீக் ஆட்டக்காரருக்கே வெற்றியாயின. போர் முடிந்ததும் கதவு மீண்டும் மூடிற்று.

1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் நாள், ஹடர்ஸ்பீல்ட் கூட்டம் நிகழ்ந்து நூறாண்டு நிறைவதற்கு மூன்று நாட்கள் இருக்கையில், சர்வதேச றக்பிச் சபை பாரிஸ் நகரிற் கூடிச் சம்பளத் தடையை நீக்கிற்று. எட்டு ஆண்டுகளின் பின், 2003 நவம்பரில், சிட்னி நகரிலே இங்கிலாந்து அணி வெப் எல்லிஸ் கிண்ணத்தை வென்றது. அந்த இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் சார்பிலே எல்லைக்கோட்டுக்கு அப்பாற் பந்தைத் தரையில் ஊன்றியவர் ஒருவரே. அவர், விகன் நகரின் லீக் கழகத்திலே பதின்மூவர் ஆட்டம் ஆடிவிட்டு வந்த ஜேசன் றொபின்சன்.