இலங்கையின் இலவச உயர்கல்வி

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் முதற்பட்டம் படிக்கும் உள்நாட்டு மாணவர்களிடம் கற்பித்தற் கட்டணம் வாங்குவதில்லை. 1945 இல் தொடங்கிய ஏற்பாடு இது. கட்டணம் போன பிறகு இரண்டு கேள்விகள் எஞ்சின: இருக்கும் கொஞ்ச இடங்களை யாருக்குக் கொடுப்பது, இடம் கிடைத்த பிள்ளை எதைச் சாப்பிட்டுப் படிப்பது. அடுத்த எண்பது ஆண்டு வரலாறு இவ்விரண்டையும் சுற்றியே ஓடுகிறது.

டொனமூர் அரசியல் யாப்பின் கீழ் 1931 இல் கல்வி அமைச்சரான சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர, உதவிப்பணம் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரியில் படித்து முன்னுக்கு வந்தவர். அந்நாளில் சிங்கள, தமிழ்ப் பள்ளிகளில் கட்டணமில்லை. ஆங்கிலப் பள்ளிகளில் உண்டு. உத்தியோகத்துக்கும் உயர்படிப்புக்கும் ஆங்கிலமே வழி என்பதால், கட்டணம் கட்ட முடிந்தவர் வீட்டுப் பிள்ளையே மேலே போனது. கன்னங்கர தலைமையிலான விசேட குழு 1943 இல் அறிக்கை தந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசம் என்ற திட்டம் 1945 ஒக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இரண்டே ஆண்டில், 1947 தேர்தலில், மத்துகம தொகுதி மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள்.

இலவசம் என்ற அறிவிப்பைவிட, கிராமப்புறங்களில் அவர் நிறுவிய மத்திய கல்லூரிகளே அதிகம் சாதித்தன எனலாம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிய ஏழைப் பிள்ளைக்கு அங்கே விடுதியும் சாப்பாடும் கிடைத்தன. மலையகத் தோட்டப் பள்ளிகளோ இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான். மலையகத் தமிழ்ப் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலுக்கு ஒரு தலைமுறை பிந்தி வந்ததற்கு இது முக்கிய காரணம்.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அங்கே படித்தவர்கள் 904 பேர். 1960 முதல் கலைப்பீடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் படிக்க வழி பிறந்ததும் கூட்டம் பெருகியது. கலைப்பாடத்துக்கு மண்டபம் போதும். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் ஆய்வுகூடமும் ஆஸ்பத்திரியும் வேண்டும். அதற்குத் திறைசேரியில் பணமில்லை.

இந்த நெருக்கடியிலிருந்துதான் தரப்படுத்தல் பிறந்தது. 1971 அனுமதியில் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதுமென்றும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டுமென்றும் ஆனது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்துகொண்டது. மாவட்ட முறைக்குச் சமூக நியாயம் உண்டு. மன்னார் போன்ற தமிழ் மாவட்டங்களும் அதனால் பயன்பெற்றன. ஆனால் மொழிவாரி வெட்டுப்புள்ளிக்கு அப்படியொரு நியாயம் சொல்ல இயலாது. யாழ்ப்பாண இளைஞரிடம் அது மூட்டிய கசப்பு அரசியலை ஆயுதப் போராட்டம் வரை கொண்டுபோனது ஊரறிந்தது. பலமுறை மாற்றியபின், இப்போது பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடம் நாடு தழுவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. ஒரு காலத்தில் ‘அதிகமாக எடுத்துக்கொண்டது’ என்று குற்றஞ்சாட்டப்பட்ட யாழ்ப்பாணமும் இன்று அந்தப் பதினாறில் ஒன்று.

சாப்பாட்டுக் கேள்விக்கு வந்த பதில் மகாபொல. வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டம் இதற்கென நம்பிக்கை நிதியம் ஒன்றை அமைத்தது. பிரதம நீதியரசரே அதன் தலைவர். வருமானம் வந்த வழிதான் விநோதம்: வர்த்தகச் சந்தைகளும் அதிர்ஷ்டலாபச் சீட்டும். சீட்டு வாங்குவோரில் கூலியாட்களும் உண்டு என்பதை நினைத்தால், இது யார் யாருக்குச் செய்யும் உதவி என்று கேட்கத் தோன்றும். ஆனாலும், வரவுசெலவுத் திட்டத்தை மட்டும் நம்பியிராத ஒரு முதல் இருந்தது நிதியத்துக்குப் பலமே. மகாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் ‘பர்சரி’ எனப்படும் உதவிப்பணம் உண்டு. மாதம் 5,000 ரூபாயளவில் பல ஆண்டு நின்ற மகாபொல, 2022 இன் விலையேற்றத்தில் விடுதிச் சாப்பாட்டுக்கே போதாமற்போனது. 2025 வரவுசெலவுத் திட்டம் அதை 7,500 ஆகவும், பர்சரியை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தியது.

உயர்தரப் பரீட்சையில் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. எஞ்சியோருக்கான தனியார் வழியோ எளிதில் நிலைக்கவில்லை. கட்டணம் வாங்கிய வடகொழும்பு மருத்துவக் கல்லூரியை, மாணவர் போராட்டங்களுக்குப் பிறகு, 1989 இல் அரசு பொறுப்பேற்றது. மாலபேயில் இயங்கிய தனியார் மருத்துவக் கல்லூரியையும் அதே வகை எதிர்ப்பால் ஒழிப்பதாக அரசு 2017 இல் அறிவித்தது. அதே 2017 இல், இடம் கிடைக்காதவர்கள் தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க 8 இலட்சம் ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் தரும் திட்டத்தை அரசு தொடங்கியது. வட்டியை அரசு கட்டுகிறது. முதலைப் பட்டதாரி கட்ட வேண்டும்.