தீப்பெட்டி ஊரும் நாணய பேட்டரியும்

நடையை எண்ணும் ஃபிட்னஸ் கருவிகள் சிலவற்றில் நாணய பேட்டரிதான் இருக்கும். 2012-ல் வந்த ஃபிட்பிட் ஜிப்பில் இருந்தது சிஆர்2025. தீர்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போடணும். சார்ஜ் ஏற்றக்கூடிய நாணய பேட்டரியும் உண்டு. கடையில் எல்ஐஆர்2032 என்று கேட்டால் கொடுப்பார்கள். 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன், அதைத்தான் அந்த எண் சொல்கிறது. சிஆர்2032-ஐப் பக்கத்தில் வைத்தால் ரெண்டும் ஒரே மாதிரி. ஆனால் சிஆர் சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி தரும், எல்ஐஆர் சுமார் 40தான். ஏன்?

சிஆருக்குள் இருப்பது லித்தியம் உலோகம். அதில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் ஊசி ஊசியாக வளர்ந்து, நடுவில் உள்ள தடுப்பைத் துளைத்து, ஷார்ட் ஆகிவிடலாம். (சிஆர் பேட்டரியைத் தயவுசெய்து யாரும் சார்ஜரில் போட்டுப் பார்க்காதீர்கள். வெடிக்கும்.) கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் உலோக பேட்டரி செய்தது. ஜப்பானில் செல்போன்கள் தீப்பிடித்ததால் 1989-ல் அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. உலோகத்துக்குப் பதிலாகக் கரிப்பொருளுக்குள் லித்தியத்தைத் தங்கவைக்கும் வழியை அகிரா யோஷினோ உருவாக்கினார். 1991-ல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கரி இடத்தை அடைத்துக்கொள்வதால் கொள்ளளவு குறைகிறது.

சரி, திருத்தங்கல்காரனான எனக்கு இதில் என்ன அக்கறை? இந்த வேதியியலுக்கான ஆய்வகம் பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கிறது. காரைக்குடி செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். அப்போது காரைக்குடியும் எங்க ஊரும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம்; 1985-ல்தான் பிரித்தார்கள். அங்கே புதிய மின்வாய்ப் பொருள்களை முதலில் சோதித்துப் பார்ப்பதும் இதே 2032 அளவு நாணய செல்லில்தான்.

தீப்பெட்டியும் ஒரு காலத்தில் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த சரக்குதான். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மறுவருஷமே சிவகாசியில் ஆரம்பித்தாயிற்று. மழை குறைந்த இந்தப் பூமியின் வறண்ட காற்று தீக்குச்சி காய்வதற்குத் தோதாக இருந்தது.

அப்படியென்றால் பேட்டரி ஏன் வரவில்லை? அதற்கும் வறட்சிதான் வேண்டும். ஆனால் நம்ம ஊர் வெயில் கொடுக்கிற வறட்சி பத்தாது. லித்தியம் பேட்டரியின் மின்பகுளியில் துளி ஈரம் பட்டாலும் அமிலம் உண்டாகி செல் கெட்டுவிடும். ஆய்வகத்தில் ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் கையுறை வழியாகக் கையை விட்டுத்தான் செல்லைப் பூட்டுவார்கள். தொழிற்சாலை என்றால், பனிநிலை மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே இருக்கும் உலர் அறையை இரவும் பகலும் ஓட்டணும். தீப்பெட்டி மாதிரி வீட்டுத் திண்ணையில் வைத்து ஒட்டுகிற வேலை இல்லை இது.

2018 ஜூனில் செக்ரி தன் லித்தியம் அயன் தொழில்நுட்பத்தை ராசி சோலார் பவர் நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. மாதிரி செல்கள் செய்யும் வசதி சென்னையில் அமைந்தது. ஆனாலும் நாட்டுக்குத் தேவையான செல்களில் பெரும்பகுதி இன்றும் இறக்குமதிதான்.

1922-ல் தொழில் கற்க கல்கத்தா வரை போகணும். இன்றைக்குப் படிப்பு பக்கத்திலேயே இருக்கிறது. உலர் அறைக்குப் போடும் முதல்தான் இன்னும் வரவில்லை.