ஆளில்லாக் காடு என்றார்கள்

'நஸ்தவ்கன்' என்றொரு சொல் உண்டு, நேயர்களே. வட அமெரிக்க ஆதிக்குடிகளான அனிஷ்னாபே மக்களின் பேச்சில் அதற்கு 'வழிகள்' என்று பொருள். ஏரியில் வள்ளம் செலுத்தும் வழி, ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்கு வள்ளத்தைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்து நடக்கும் வழி, பனிக்காலத்தில் உறைந்த நிலத்தின்மேல் சறுக்குவண்டி இழுத்துச் செல்லும் வழி என அத்தனையையும் இந்த ஒரு சொல் அடக்கிக்கொள்கிறது. ஒரு காட்டின் வரலாற்றைச் சொல்ல வந்த நான் ஒரு சொல்லோடு ஏன் தொடங்குகிறேன் என்று கேட்கக்கூடும். அந்தக் காட்டின் வழக்கு முழுவதும் இச்சொல்லுக்கும் வேறொரு சொல்லுக்கும் இடையே நடந்ததுதான்.

காடு இருப்பது கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில். நம்மவர் பல்லாயிரவர் வாழும் ரொறன்ரோ நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 450 கிலோமீற்றர் சென்றால் தெமாகமி என்ற பெரிய ஏரி வரும். கரையருகிலேயே ஆழ்ந்த நீர் என்பது அப்பெயரின் பொருள். அந்த ஏரியின் வடமேற்கே, 1983ஆம் ஆண்டில், லேடி எவலின்–ஸ்மூத்வாட்டர் வனாந்தரப் பூங்கா நிறுவப்பட்டது. அதன் பரப்பு 724 சதுர கிலோமீற்றர். ஒன்ராறியோவின் மிக உயர்ந்த இடமான 693 மீற்றர் உயர இஷ்பாதினா மலைமுகடு இதற்குள்தான் அடங்குகிறது. சுற்றிலும் ஆற்றோரப் பூங்காக்கள் நான்கு. தெற்கே ஒபாபிக்கா ஏரிக்கரையில் மனிதக் கோடரி படாத வெண்பைன், செம்பைன் மரங்கள் நிற்கின்றன. கோடைதோறும் வள்ளமும் கூடாரமுமாக வந்து நாட்கணக்கில் துடுப்பு வலித்துத் திரும்புவோர் பலர்.

வனாந்தரம் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆங்கிலேயர் அந்தப் பொருளில் வழங்கும் சொல்லுக்கு 'மனிதர் வாழாத, மனிதர் கைபடாத இடம்' என்பதே உட்கிடை. நமது திணை மரபில் இப்படி ஒரு கருத்துக்கு இடமில்லை. முல்லை என்றால் காடும் காடு சார்ந்த நிலமும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தக் காட்டுக்கு மாயோன் தெய்வம். ஆயர் அங்கே குடிகள். ஆநிரை மேய்த்தல் தொழில். அதற்கென ஒரு பறை, ஒரு யாழ். வெந்து வறண்ட பாலைக்குக்கூட எயினரும் மறவரும் உண்டு. கருப்பொருள் பட்டியலில் மக்களை விட்டுவிட்டு ஒரு நிலத்தைச் சொல்ல நமது இலக்கணத்துக்குத் தெரியாது. தெமாகமிக் காட்டு மக்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. தங்களை அவர்கள் தெமே-ஓகமா அனிஷ்னாபே, அதாவது ஆழ்நீர் மக்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். நிலத்தை 'ந்தாக்கி மேனன்' என்றார்கள். 'எங்கள் நிலம்' என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது.

எங்கள் நிலம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர்கள் இருந்துவிடவில்லை. 1913ஆம் ஆண்டு கோடையில் பிராங்க் ஸ்பெக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் ஏரியின் நடுவிலுள்ள கரடித்தீவுக்கு வந்து, அங்கிருந்தோரிடம் கேட்டு வரைபடம் ஒன்று வரைந்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி வேட்டை நிலம் இருந்தது. எல்லைகள் ஆறாகவும் ஏரியாகவும் குன்றாகவும் குறிக்கப்பட்டிருந்தன. இன்னொரு குடும்பத்தின் நிலத்தில் வேட்டையாட அனுமதி பெறவேண்டும். அலெக் போல் என்ற தலைவர் அவருக்கு விளக்கியது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு நிலத்தில் எத்தனை பீவர்கள் உள்ளன என்பதை உரியவர் அறிந்து வைத்திருப்பார். பெருகியதிலிருந்து மட்டும் எடுப்பார். இனம்பெருக்கும் முதிய சோடிகளை விட்டுவைப்பார். பண்ணைக்காரன் தன் கால்நடையைப் பேணுவது போலத்தான் தாங்களும் என்று அவர் சொன்னார். ஆக, வெள்ளையர் கண்ணுக்கு வெறுங்காடாகத் தெரிந்தது, உடையவர் கண்ணுக்குக் கணக்கெழுதிய தோட்டமாக இருந்தது.

இந்தக் குடும்ப நிலங்களை இணைத்தவைதாம் நஸ்தவ்கன் வழிகள். அருவி குறுக்கிடும் இடத்திலும் இரண்டு ஏரிகளுக்கு நடுவே மேடு எழும் இடத்திலும் வள்ளம் சுமக்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கும். அதற்கு 'ஒனிகம்' என்று பெயர். பேர்ச் மரப்பட்டையால் செய்த வள்ளத்தை ஓர் ஆள் சுமக்கலாம். நீர் உறைந்த பின் வள்ள வழி பயன்படாது. ஓட்டமுள்ள நீரின்மேல் பனிக்கட்டி மெல்லியதாகவே படியும். ஆகவே ஆற்றை விலக்கிச் சதுப்பு நிலங்களின் ஊடாகப் பனிக்காலப் பாதைகளை வேறாக வகுத்திருந்தார்கள். எந்தச் சரிவில் சுமையோடு ஏறலாம், எங்கே கரையிறங்கலாம் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக நடந்து தேர்ந்தவை. இன்றைய உல்லாசப் பயணி இயற்கையின் கொடை என்றெண்ணி நடக்கும் பாதைகளில் பல அந்தக் கால்கள் இட்டவை.

இனி அரசாங்கக் கதை. 1850ஆம் ஆண்டு செப்டெம்பரில் பிரித்தானிய முடியின் சார்பில் வில்லியம் றொபின்சன் என்பவர் ஹியூரன் ஏரிக் கரையோரத்து ஆதிக்குடித் தலைவர்களோடு உடன்படிக்கை செய்தார். அதன் சொற்படி உள்நாட்டுப் பெருநிலப் பரப்பும் முடிக்குக் கைமாறிற்று. தெமாகமித் தலைவர் அதில் ஒப்பமிடவில்லை என்பதே அந்த மக்களின் நிலைப்பாடு. 'முடிக்குரிய காணி' என்ற தொடர் நமக்கும் புதிதன்று. பத்து ஆண்டுகளுக்கு முன், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத காடும் தரிசும் மறுதலித்து நிறுவப்படும்வரை முடியின் சொத்தே என்று இலங்கையில் சாற்றியிருந்தது. பயிர் செய்யாத நிலம் ஆளில்லா நிலம் என்ற அதே கண்ணோட்டந்தான் அங்கும்.

1877இல் தொனேனே என்ற தலைவர் அதிகாரிகளிடம் சென்று, மரம் வெட்டுவோர் நெருங்கி வருகிறார்கள், எமக்கு உடன்படிக்கை இல்லை, எமக்கென ஒரு நிலம் ஒதுக்குங்கள் என்று கேட்டார். 1883 முதல் தலைக்கு ஆண்டொன்றுக்கு 4 டொலர் கொடுபட்டது. 1885இல் ஏரியின் தென்பகுதியில் ஏறத்தாழ 100 சதுர மைல் நிலம் அளக்கவும்பட்டது. கொடுக்க மறுத்தது மாகாண அரசு. காரணம் ஒளிவுமறைவானதன்று, அந்த நிலத்தில் விலைமதிப்புள்ள பைன் மரங்கள் நின்றன. 1901இல் அதே மாகாண அரசு 2,200 சதுர மைலைத் தெமாகமி வன ஒதுக்கம் என்று பிரகடனம் செய்தது. பின்னர் அது இன்னும் விரிந்தது. மரத்தைக் காத்து வைத்துப் பின்னாளில் நல்ல விலைக்கு வெட்டுவதே அக்காலத்து 'ஒதுக்கம்' என்ற சொல்லின் கருத்து. மக்களுக்கு ஒதுக்கம் கேட்டபோது மரம் தடையாயிற்று. மரத்துக்கு ஒதுக்கம் வந்தபோது மக்கள் தம் நிலத்திலேயே அத்துமீறுவோர் ஆனார்கள்.

1904இல் இரயில் வந்தது. அதனோடு அமெரிக்கச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் கோடை முகாம்கள், விடுதிகள், மீன்பிடி ஆர்வலர். வழிகாட்டிகளாகவும் வள்ளம் சுமப்போராகவும் கூலிக்கு அமர்ந்தவர்கள் அந்த வழிகளின் சொந்தக்காரர்கள். வந்தவர்களுள் ஒருவன் ஆர்ச்சிபோல்ட் பெலனி. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரத்து இளைஞன். 1907இல் வந்தவன் 1910இல் கரடித்தீவிலேயே ஏஞ்சல் எக்வுனா என்ற பெண்ணை மணந்தான். மொழியையும் காட்டு வாழ்வையும் அவள் உறவினரிடம் கற்றான். பிறகு அவளை விட்டுப் போனான். 1930களில் அவனே 'கிரே ஆவுல்' என்ற பெயரோடு, தலையில் இறகும் உடம்பில் மான்தோலுமாக, ஆதிக்குடி எழுத்தாளனாக உலகுக்குக் காட்சியளித்தான். 1937இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னர் குடும்பத்தின் முன் பேசினான். 1938இல் அவன் இறந்த பின்னரே வேடம் கலைந்தது. பீவர்களைக் காக்க அவன் எழுதியதில் பொய்யில்லை. ஆனால் அவன் வாயிலிருந்து கேட்டபோது உருகிய உலகம், அவனுக்குக் கற்பித்தவர்களிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர்கள் ஏரி நடுவே, தமக்கென ஓர் அடி நிலமும் சட்டப்படி இன்றி, அப்போதும் காத்திருந்தார்கள்.

கரடித்தீவு அவர்களுக்கு ஒதுக்க நிலமாக ஆனது 1971இல். அதன் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மைல்.

அதற்குச் சற்றுப் பின், அவர்கள் 'சீபேஜிங்' என்று அழைக்கும் மலையில் பனிச்சறுக்கு விடுதி அமைக்க மாகாண அரசு திட்டமிட்டது. இறந்தோரின் ஆவி சென்றடையும் இடம் அது. 1973இல் இளந்தலைவர் காரி பொட்ஸ் வழக்கறிஞரோடு காணிப் பதிவகம் சென்று, 'இந்நிலத்தில் எமக்கு உரித்து உண்டு' என்ற எச்சரிக்கைக் குறிப்பை 110 பிரிவுகளில், ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீற்றர் நிலத்தின்மேல் பதிவித்தார். விடுதித் திட்டம் கைவிடப்பட்டது. அந்த நிலத்தில் புதிதாக உறுதி முடிக்கவும் வழியில்லாமற் போயிற்று.

1988இல் மரம் வெட்டுவதற்கான வீதியொன்றை அம்மக்கள் மறித்தார்கள். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் சூழலியலாளரும் மறித்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் பொப் ரே உட்படப் பலர் கைதாயினர். அவர் ஓராண்டில் மாகாண முதல்வராகவே ஆனார். மீண்டும் ஆதிக்குடியினர் மறித்தார்கள். கைதானோர் தொகை 300ஐத் தாண்டியது. இரு தரப்பும் ஒரே வீதியைத்தான் மறித்தன என்றாலும் நோக்கம் ஒன்றன்று. முன்னவர் கேட்டது மனிதர் தொடாத வனாந்தரம். பின்னவர் கேட்டது தம் நிலத்தில் முடிவெடுக்கும் உரிமை. செய்திகளில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழைக்கப்பட்டதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

1991 ஆகஸ்டில் கனடாவின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இம்மக்களுக்கு அந்நிலத்தில் ஆதி உரிமை இருந்தது உண்மை என்று அது ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஆண்டுக் கொடுப்பனவையும் ஒதுக்க நிலத்தையும் பெற்றுக்கொண்டதால் உடன்படிக்கைக்கு இணங்கியவர் ஆயினர், உரிமை அற்றுப்போயிற்று என்றது. முடி தன் கடப்பாடுகள் சிலவற்றை நிறைவேற்றவில்லை என்றும் கூறியது. 4 டொலரும் ஒரு சதுர மைலும் அந்தத் தராசில் எத்துணைப் பாரமாகிவிட்டன என்று பாருங்கள்.

ஒபாபிக்காப் பைன்கள் இன்றும் நிற்கின்றன. முந்நூறாண்டு கடந்தும் வாழவல்ல மரம் வெண்பைன். தரையோடு ஊரும் காட்டுத்தீ வந்தால் அதன் தடித்த பட்டை தாங்கிக்கொள்ளும். தீ துப்புரவாக்கிய மண்ணில் விதை முளைக்கும். வட அமெரிக்காவில் எஞ்சியுள்ள முதுபைன் காடுகளுள் மிகப் பெரியவற்றில் இதுவும் ஒன்று.

1985இல் கிரெய்க் மக்டொனல்ட் என்ற ஆய்வாளர் இப்பகுதிக்கு ஒரு வரலாற்று வரைபடம் வெளியிட்டார். ஆண்டுக்கணக்காக முதியோரிடம் கேட்டும், தானே நடந்தும் துடுப்பு வலித்தும் திரட்டியது அது. பிரித்தானியச் சீமாட்டியின் பெயர் தாங்கிய ஏரிக்கும், அளவையாளர் பெயர் வைத்த மலைக்கும் பழைய பெயர்கள் அதில் திரும்பின. கோடைப் பாதைகளையும் பனிக்காலப் பாதைகளையும் அவர் வெவ்வேறாகக் காட்டினார்.  அந்தப் படத்தை விரித்து வைத்துப் பார்த்தால், வெற்றிடம் என்று சொல்லக்கூடிய பகுதி எங்கும் கண்ணில் படுவதில்லை.