சந்துக் கணக்கும் நகரக் கணக்கும்

ஊழல் என்றதுமே தனிமனித ஒழுக்கத்துக்குப் போய்விடுகிறோம். ‘நல்ல ஆபீசர் ஒருத்தர் வந்தா எல்லாம் சரியாயிடும்’ என்கிற நம்பிக்கை எனக்கும் இருந்தது. கராச்சியின் ஒராங்கி வரலாற்றைப் படித்தபோது அது ஆட்டங்கண்டது.

தரகர்கள் அரசு நிலத்தைக் கூறுபோட்டு விற்றதில் வளர்ந்த குடியிருப்பு ஒராங்கி. பட்டா இல்லை, ஆகவே சாக்கடையும் இல்லை. 1945இல் ஐ.சி.எஸ். பதவியை உதறிய அக்தர் ஹமீத் கான் 1980இல் அங்கே வேலை தொடங்கினார். ‘கவர்மெண்டு இனாமா போட்டுத் தரட்டும்’ என்பதே மக்களின் எதிர்பார்ப்பு. அரசு மதிப்பீட்டிலோ காண்டிராக்டர் லாபமும் கமிஷனும் ஏறியிருந்தன. ஏழைக்குக் கட்டாத விலை என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி குழாயின் விலையே அல்ல.

இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, தானே பணம் திரட்டி, தானே தோண்டியது. திட்டக்காரர்கள் வரைபடமும் கருவிகளும் ஆலோசனையும் தந்தார்கள். சந்தின் பணத்தைத் தொடவில்லை. செலவு பல மடங்கு குறைந்தது. காலப்போக்கில் 90,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சாக்கடை வந்தது. இங்கே நேர்மை யாருடைய குணமும் அல்ல. பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்கிற ஏற்பாடு.

இதைப் புனிதப்படுத்த நான் தயாரில்லை. பணக்காரர் தெருவில் யாரும் சாக்கடை தோண்டுவதில்லை. தவிர, இத்திட்டத்துக்கு முதலில் பணம் தந்தது, 1991இல் மோசடிக்காக மூடப்பட்ட பி.சி.சி.ஐ. வங்கியின் அறக்கட்டளை.

மேலும், தண்ணீரைச் சந்துக்குள் தோண்டி எடுத்துவிட முடியாது. அது தொலைவிலிருந்து பெருங்குழாயில் வருகிறது. வழியிலேயே குழாயை உடைத்து, லாரியில் நிரப்பி, குழாய் வறண்ட அதே குடிசைகளுக்கு விற்கிறார்கள். சாக்கடைத் திட்டத்தில் பல்லாண்டு உழைத்த கட்டடக்கலைஞர் பர்வீன் ரஹ்மான், இந்தத் திருட்டு நடக்கும் இடங்களை வரைபடமாக்கினார். நகர விளிம்பில் பறிபோய்க்கொண்டிருந்த கிராம நிலங்களையும் பதிவுசெய்தார். 2013 மார்ச் 13 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். 2021இல் ஆயுள் தண்டனை பெற்ற நால்வரின் தண்டனையை 2022இல் சிந்து உயர்நீதிமன்றம் ரத்துசெய்தது.

சந்துக்குள் கணக்குக் கேட்கப் பக்கத்து வீட்டுக்காரி போதும். அதே கேள்வியைப் பெருங்குழாய்வரை கொண்டுபோகிறவருக்குப் பக்கத்து வீடு எது? நேர்மை பற்றிய நம் விவாதம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.