ஒரே அறையும் பரோடா சத்திரமும்

வெளிநாடு போய்ப் படித்தவர்களைப் பற்றிப் பேசும்போது பட்டங்களைத்தான் எண்ணுகிறோம். யாரோடு ஒரே அறையில் படுத்தார், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கேட்பதில்லை. தலித் வரலாற்றில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

1913 ஜூலையில் பாபாசாகேப் அம்பேத்கர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். வயது 22. பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்பு. லிவிங்ஸ்டன் ஹால் விடுதியில் அவரோடு தங்கியவர் நவல் பதேனா என்ற பார்சி இளைஞர். பள்ளிக்கூடத்தில் தனியாகக் கோணி விரித்து உட்கார்ந்தவர், பியூன் இருந்தால்தான் தண்ணீர் குடிக்க முடிந்தவர் அம்பேத்கர். அவருக்கு அந்த ஒரே அறை என்னவாக இருந்திருக்கும்! தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே அந்த வருஷங்களில் மனசிலிருந்து அழிந்துபோனதாகப் பின்னால் அவரே எழுதியிருக்கிறார்.

1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தார். தங்க இடம் கொடுப்பார் இல்லை. பார்சி சத்திரத்தில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஒரு டஜன் பார்சிகள் வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் காலி பண்ணு என்றார்கள். இரண்டு நண்பர்களைத் தேடிப் போனார். ஒருவர் இந்து. நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்களே என்றார். இன்னொருவர் பார்ப்பனக் குடும்பத்திலிருந்து மதம் மாறிய கிறிஸ்தவர். மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அம்பேத்கர் பூங்காவில் பொழுதைக் கழித்துவிட்டு ராத்திரி பம்பாய்க்கு ரயிலேறினார்.

அறையில் கூட இருந்தவரும் பார்சி, தடி தூக்கி வந்தவனும் பார்சி. பரோடாவில் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் நட்பு கதவைச் சாத்திக்கொண்டது.

நவல் பதேனா சாத்தவில்லை. 1920இல் அம்பேத்கர் மறுபடி லண்டன் போகக் கடனாக 5,000 ரூபாய் கொடுத்தார். அங்கே பணமுடை வந்தபோதும் கடிதம் போனது அவருக்குத்தான். ஊர் திரும்பிய பிறகும், கடைசிவரைக்கும் நின்ற நட்பு அது.

எங்க சுரக்குடிப் பக்கத்துக்கு வெளிநாடு புதுசில்லை. காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த பூமி. பிரான்சுக்குப் போனவர்களின் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 'அங்கெல்லாம் சாதி ஏதுப்பா' என்று டீக்கடையில் பேசுவாங்க. அன்று கப்பலேறிய சாதி இன்று விமானமும் ஏறுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டது. நோயில்லாத இடத்தில் மருந்து எதுக்கு?

படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்குப் பயம் சொல்லி அனுப்பக் கூடாது. நல்லாப் பழகட்டும், ஒரே சட்டியில் ஆக்கித் தின்னட்டும். ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புவோம். அந்தச் சிநேகிதன் லீவுக்கு வரும்போது நம்ம தெருவுக்குள் வந்து சாப்பிடுகிறானா, தன் வீட்டுக்குள் உன்னைக் கூட்டிப்போய் உட்காரவைக்கிறானா என்று பார். அதுவரைக்கும் அவன் உனக்கு அறைக்கூட்டாளி, அவ்வளவுதான்.