தீயுண்ட சுவரும் வரலாற்றுச் சான்றும்

வரலாற்று மாணவன் ஏட்டையும் கல்வெட்டையும் மட்டுமே சான்றாகக் கொள்வானாயின், எழுத்தில்லாச் சுவர் அவனுக்கு ஊமையாகவே இருக்கும். ஆயினும் சுவரும் தான் பட்டவற்றின் அடையாளத்தைத் தாங்கி நிற்பதே. தீயுண்ட சுவரைத் தூய்மை செய்வோர் அவ்வடையாளத்தைக் காக்கவும் கூடும், அழிக்கவும் கூடும். பாரிஸ் நகரின் நொத்ரடாம் பேராலயம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1163 ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கப்பெற்ற இப்பேராலயத்தின் கூரை, 2019 ஏப்ரல் 15 ஆம் நாள் தீக்கிரையாயிற்று. ஓக் மரச் சட்டகமும் அதன்மேல் வேய்ந்த ஈயத் தகடுகளும் அழிந்தன. கூர்ங்கோபுரம் வீழ்ந்து கல்வளைவுகளைத் துளைத்தது. சுவர்கள் நிலைத்து நின்றன. எனினும் உட்புறமெங்கும் புகைக்கரியோடு ஈயத்தூசியும் படிந்தது. ஈயம் நஞ்சாதலின், அதனை அகற்றாது ஆலயத்தை மக்களுக்குத் திறத்தல் இயலாதாயிற்று.

நீரூற்றிக் கழுவுதல் எளிதெனத் தோன்றலாம். ஆனால், சுண்ணக்கல் நுண்துளைகள் நிறைந்தது; நீர் அழுக்கை அத்துளைகளுள் இட்டுச் செல்லும். ஆகவே முதலில் உறிஞ்சுபொறிகளால் தூசி அகற்றப்பட்டது. பின்னர் இறப்பர்பாற் பசை சுவரிற் பூசப்பட்டு, உலர்ந்தபின் தோல்போல உரிக்கப்பட்டது. எஞ்சிய கரியும் தூசியும் அதனோடு ஒட்டி வந்தன. 2020 இல் இரு சிற்றாலயங்களிற் பரீட்சித்த பின்னரே இப்பணி விரிவுபடுத்தப்பட்டது.

இங்கு ஒரு வேறுபாட்டை நோக்குதல் வேண்டும். கரி கல்லின் மேற் படிவது. வெப்பத்தால் விளையும் நிறமாற்றமோ கல்லினுள்ளேயே நிகழ்வது. இரும்புச் சேர்வை கொண்ட சுண்ணக்கல் ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசிற் செந்நிறம் பெறும். அச்செம்மையை அழுக்கெனக் கருதிச் சுரண்டுவோர், தீ எவ்விடத்தில் எவ்வளவு வெம்மையோடு எரிந்தது என்பதற்கான சான்றையே சுரண்டியோராவர். தீயின் பின்னர் நிகழ்ந்த ஆய்வு, கற்களைப் பிணைத்த இரும்புக் கவ்விகளையும் வெளிப்படுத்திற்று. அவை 1160களிலிருந்தே இக்கட்டடத்திற் பயன்பட்டமை 2023 இல் வெளியான ஆய்வினால் அறியப்பட்டது.

2024 டிசெம்பரில் ஆலயம் மீளத் திறக்கப்பட்டபோது, சுவர்கள் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்தன. தீயின் கரியோடு, தலைமுறை தலைமுறையாக எரிந்த மெழுகுதிரிகளின் புகையும் நீங்கிவிட்டது. முன்னது விபத்தின் வடு; பின்னது வழிபட்ட மக்களின் சுவடு. அவ்விரண்டையும் பிரித்தறிந்து ஒன்றை மட்டும் உரித்தெடுக்கும் பசை எதுவுமில்லை. இவ்விழப்புத் தவிர்க்கவியலாதது என்பதே எமது கருத்து. நஞ்சைச் சான்றெனப் போற்றிவைத்தல் அறமாகாது. ஆயினும் தவிர்க்கவியலாத இழப்பும் இழப்பே. ஆதலின் தீயுண்ட கட்டடத்தை அணுகுவோர் முதலிற் படம்பிடித்து, அளந்து, மாதிரி எடுத்துப் பதிவுசெய்தல் வேண்டும். துடைத்தல் அதன் பின்னரே நிகழ்தல் வேண்டும்.