சினத்தைத் திருத்திய காவலர்



நான் வாழும் திருவான்மியூர், வான்மீகி முனிவரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவருக்குச் சிறு கோயில் ஒன்றும் உண்டு. வழிப்பறி செய்து வாழ்ந்த வேடன் ஒருவன், நாரதர் சொன்ன ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு முனிவனானான் என்பது பழைய கதை. நாரதர் அவனை அடிக்கவில்லை, சபிக்கவும் இல்லை, நாள்தோறும் செய்வதற்கு ஒரு பயிற்சியைத் தந்தார். இது வெறுங்கதைதானே என்பீர்கள். ஆகவே வரலாற்றிலிருந்தே ஒரு சான்று தருகிறேன்.

1954ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரம். அங்கே ஒரு பொருட்காட்சிக்குச் சென்றிருந்த பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவனின் புதிய மிதிவண்டி களவு போயிற்று. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காவலர் ஒருவர் இருக்கிறார் என்று கேட்டு, அழுதுகொண்டே ஓடினான். திருடன் அகப்பட்டால் அடித்து நொறுக்குவேன் என்று முழங்கினான். அங்கிருந்த ஜோ மார்ட்டின் என்னும் வெள்ளையர், பணி முடிந்த நேரங்களில் சிறுவர்க்குக் குத்துச்சண்டை கற்பித்துவந்தவர். புகாரைக் கேட்டார்; சிறுவனையும் பார்த்தார். அடிக்கப் புறப்படுமுன் சண்டையிடக் கற்றுக்கொள்வது நல்லதல்லவா என்றார்.

அந்நாளில் அந்நகரின் பள்ளிகளில் வெள்ளைச் சிறுவர்க்கு ஓர் இடம், கறுப்புச் சிறுவர்க்கு வேறோர் இடம். மார்ட்டினின் கூடத்திலோ இரு நிறத்தாரும் ஒன்றாகவே பயின்றனர். குத்துச்சண்டையில் கண்மூடிச் சினப்பவன் விரைவில் களைத்துப்போவான். தன்னைக் காத்துக்கொள்ளவும் மறந்து அடிபடுவான். ஓட்டம், கயிறு தாண்டல், மூட்டையைக் குத்துதல் என நாள்தோறும் உழைத்த பின்பே எதிராளியின் முன் நிற்கலாம். சினம் அங்கே மெல்ல மெல்லப் பொறுமையாக மாறியது.

சில வாரங்களில் அச்சிறுவன் தன் முதற்போட்டியில் வென்றான். 1960இல் ரோம் ஒலிம்பிக்குக்குச் செல்ல விமானம் ஏற அஞ்சியபோது, அவனுக்குத் தைரியம் சொன்னவரும் மார்ட்டினே. அங்கே தங்கப் பதக்கம் பெற்ற காசியஸ் கிளேதான் பின்னாளில் முகம்மது அலி ஆனார்.

அந்த அலி 1980இல் சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில், காட்சிப் போட்டி ஒன்றில், ஜிம்மி எல்லிசோடு கையுறை அணிந்து நின்றார். எல்லிசும் லூயிவில்காரர், மார்ட்டினின் கூடத்தில் பயின்றவர், 1968இல் உலகப் பட்டம் ஒன்றை வென்றவர். எங்கோ ஒரு காவலர் தம் மாலைப் பொழுதுகளைக் கொடுத்து வளர்த்த இரு சிறுவர்களை அன்று நம் நகரம் ஒரே மேடையில் கண்டது.

அக்கூடத்தில் பயின்ற எல்லாரும் வீரராகிவிடவில்லை. ஆகவேண்டும் என்பதும் இல்லை. நம் சென்னையில் காவல்துறை நடத்தும் சிறார் மன்றங்களிலும், பாடமும் விளையாட்டும் பெற்று, தெருவின் தீமைகளுக்குத் தப்பி வளரும் பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய பெயர்கள் செய்தித்தாளில் வருவதில்லை. ஆயினும் அவ்வளவும் வெற்றியே.

அந்த மிதிவண்டி கடைசிவரை கிடைக்கவில்லை. அதைத் தேடி வந்த பிள்ளை மட்டும் வழிதவறிப் போகாமல் காக்கப்பட்டான். சினம் உங்களைப் பற்றும் நாளில், நண்பர்களே, அதற்கு ஒரு பயிற்சியைக் கொடுங்கள். பிறர் சினத்தைக் காணும் நாளில், அவரைக் கைபிடித்து ஒரு கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.